தக்காளி ஏன் பச்சையாகவே வாடியது? கல்குளம் பக்கத்து விளை ஒன்றின் நிகழ்வு ஆய்வு

இங்கே சொல்லப்படும் விளை, அதாவது வீட்டையொட்டிய தோட்ட நிலம், ஒரே ஒரு வீட்டுடையது அல்ல. தக்கலை, குலசேகரம், மார்த்தாண்டம் பக்கத்து வீடுகளில் திரும்பத் திரும்பக் கண்ணில் படும் நிலைமைகளை ஒரே விளைக்குள் வைத்துச் சொல்லியிருக்கிறோம். அளவுகளையும் முறைகளையும் அப்படியே எடுத்துச் செய்யலாம்.

விளையும் முதல் விதைப்பும்

வீட்டின் வடபுறமும் பின்புறமுமாக நாலு சென்ட். நடுவில் நாலு மூடு தென்னை, மூலையில் ஒரு பலா. மேற்கு எல்லையைத் தாண்டினால் அடுத்தவரின் ரப்பர். மண் சிவந்த சரளை. மம்பட்டி ஒன்றரை அடி இறங்கியதும் வெட்டுக்கல்லில் முட்டும். கிணற்றில் பங்குனியிலும் தண்ணீர் வற்றாது. பார்த்தவுடன் யாரும் ‘இங்கே என்ன போட்டாலும் வரும்’ என்றுதான் சொல்வார்கள்.

‘ஆடிப்பட்டம் தேடி விதை’ என்ற சொல்லை நம்பி ஆடி முதல் வாரம் தக்காளி, கத்தரி, மிளகாய் நாற்றுப் போட்டாயிற்று. முதல் பிழை இதுதான். மற்ற மாவட்டங்களில் ஆடி என்பது வரப்போகும் மழையை எதிர்பார்த்து விதைக்கும் காலம். கல்குளம், விளவங்கோடு பக்கத்திலோ இடவப்பாதி எனப்படும் தென்மேற்குப் பருவமழை வைகாசி நடுவிலேயே தொடங்கிவிடும். ஆடியில் மண் ஏற்கெனவே ஒன்றரை மாதமாக நனைந்து ஊறிக் கிடக்கும். அதே மாவட்டத்தில் தோவாளை, ஆரல்வாய்மொழிப் பக்கம் ஆடியில் மழையை விடக் காற்றுதான் தொல்லை; பந்தலைச் சாய்த்துவிடும். ஒரே மாவட்டத்துக்குள்ளேயே ஒரு பட்டம் எல்லோருக்கும் பொருந்தாது.

25 நாள் நாற்றைக் கிணற்றடியில் சமதளப் பாத்தியில் நட்டார்கள். ஆவணிக் கடைசியில், செடி முதல் பூ எடுக்கும் நேரத்தில், உச்சி வெயிலில் கொழுந்து தொங்கியது. சாயங்காலம் நிமிர்ந்தது. மறுநாளும் அப்படியே. மூன்றாம் நாள் நிமிரவில்லை. இலை மஞ்சளாகவில்லை, புள்ளி இல்லை, பூச்சி இல்லை. பச்சையாகவே வாடி நின்றது.

பிறகு நடந்தது எல்லா வீட்டிலும் நடப்பதுதான். வாடுகிறதே என்று தண்ணீரைக் கூட்டினார்கள். சத்து போதவில்லை என்று மூட்டில் ஒரு பிடி யூரியா. அதற்கும் சரியாகாததால் பூஞ்சைக்கொல்லி. கடைசியில் செத்த செடியைப் பிடுங்கி எருக்குழியில் போட்டுவிட்டு, அதே குழியில் சந்தையிலிருந்து வாங்கிய புது நாற்று. நாலுமே நோய்க்கு வசதி செய்து கொடுத்த வேலைகள். ஈரம் கூடக் கூட அது வேகமாகப் பரவும். யூரியா செடியை இளசாக்குவதோடு மண்ணின் புளிப்பையும் கூட்டும். பூஞ்சைக்கொல்லிக்கு இங்கே வேலையே இல்லை, ஏனென்றால் இது பூஞ்சையால் வந்ததல்ல. எருக்குழியோ விளை முழுக்க நோயைக் கொண்டு சேர்க்கும் வழி.

கண்ணாடித் தம்ளர் சோதனை

வாடிய செடி ஒன்றைத் தரைக்கு இரண்டு அங்குலம் மேலே கூரிய கத்தியால் வெட்டி, அடித்தண்டில் விரல் நீளத் துண்டு ஒன்றை எடுக்கவேண்டும். கண்ணாடித் தம்ளரில் தெளிந்த தண்ணீர் நிரப்பி, வெட்டிய முனை மட்டும் தண்ணீரைத் தொடும்படி தண்டை நூலில் கட்டித் தொங்கவிட்டு, ஆட்டாமல், பின்னால் கறுப்புத் துணி வைத்துப் பார்க்கவேண்டும். ஐந்து நிமிடத்துக்குள் முனையிலிருந்து வெள்ளை நூல் ஒன்று, அரிசி கழுவிய தண்ணீர் இழையாக ஒழுகுவதுபோல, மெல்லக் கீழே இறங்கும். தம்ளரின் அடியில் போய்ச் சுருண்டு கலங்கலாகும். அந்த நூல் முழுக்க பாக்டீரியா. நோய் பாக்டீரியா வாடல், காரணி ரால்ஸ்டோனியா. வேர்க் காயம் வழியாக உள்ளே போய், தண்ணீர் ஏறும் குழாய்களை அடைத்துவிடுகிறது. மண்ணில் எவ்வளவு தண்ணீர் நின்றாலும் செடிக்கு ஏறாது என்பதால்தான் பச்சையாகவே வாடுகிறது.

நூல் இறங்காவிட்டால் வேறு காரணம் தேடவேண்டும். அடியிலை ஒவ்வொன்றாக மஞ்சளாகி, தண்டைப் பிளந்தால் உள்ளே பழுப்புக் கோடு தெரிந்தால் அது பூஞ்சை வாடல். செடி குன்றி, வேரில் மணி கோத்ததுபோல வீக்கம் இருந்தால் நூற்புழு. பயறு வேரிலும் முடிச்சு இருக்கும், ஆனால் அது நல்ல முடிச்சு. விரலால் தேய்த்தால் உதிரும். நூற்புழு வீக்கம் வேரோடு வேராக இருக்கும், தேய்த்தாலும் போகாது. வேர் கறுத்து நாற்றம் எடுத்தால் தண்ணீர் தேங்கி அழுகியது. இந்த நாலுக்கும் செய்யவேண்டியது வெவ்வேறு. பெயர் தெரியாமல் தெளிப்பது காசை மண்ணில் ஊற்றுவதற்குச் சமம்.

கிணற்றடிப் பாத்தியில் எடுத்த தண்டு எல்லாவற்றிலும் நூல் இறங்கியது. வந்துவிட்ட செடியைக் காப்பாற்ற மருந்து கிடையாது. மூட்டு மண்ணோடு தோண்டி எடுத்துக் காயவைத்து எரித்துவிட்டு, குழியில் ஒரு சிரட்டை சுண்ணாம்பு போட்டு மூடினார்கள். அந்தப் பாத்தியின் தண்ணீர் அடுத்த பாத்திக்கு ஓடாதபடி தண்ணீர் ஓடும் சால் ஒன்றையும் வெட்டித் திருப்பினார்கள். தண்ணீரோடும் மம்பட்டி நுனியில் ஒட்டிய மண்ணோடும்தான் இந்த நோய் பரவுகிறது.

வெயிலை அளந்தது

நோயை மட்டும் குற்றம் சொல்லி முடித்துவிட முடியாது. வடபுறப் பாத்தியில் வாடல் வராத செடிகளும் காய்க்கவில்லை. காரணம் நிழல்.

இதற்குக் கருவி வேண்டாம். பாத்தியின் நாலு மூலையிலும் நடுவிலும் ஈர்க்கில் குத்தி வைத்து, காலை 8 முதல் மாலை 5 வரை மணிக்கு ஒருமுறை எந்த ஈர்க்கிலில் வெயில் படுகிறது என்று குறித்தால் போதும். மொத்தம் ஆறு மணி நேரமாவது படும் இடமே காய்க்கும் காய்கறிக்கு. நாலு மணி என்றால் கீரை வரும். அதற்கும் கீழே சேம்பு, சேனை, இஞ்சி, மஞ்சள், தவசிக்கீரை, காந்தாரி மிளகாய்.

பலரும் தவறவிடுவது ஒன்று உண்டு. குமரி மாவட்டம் 8 பாகை வடக்கில் இருக்கிறது. ஆனியில் சூரியன் உச்சிக்கும் வடக்கே போகும். மார்கழியில் நன்றாகத் தெற்கே சாயும். அதனால் 12 அடி உயர வீட்டுச் சுவர், மார்கழி நண்பகலில் வடக்கே ஏழு அடிக்கு மேல் நிழல் போடும். ஆனியில் அதே இடம் முழு வெயிலில் இருக்கும். ஆனியில் பார்த்து ‘நல்ல வெயில்’ என்று முடிவு செய்த வடபுறப் பாத்தி, தக்காளி காய்க்கும் மாதங்களில் இருட்டிலேயே கிடக்கிறது. ஆகவே வடபுறத்தில் சுவரிலிருந்து எட்டு அடி விட்டு, மாசி முதல் ஆவணி வரை மட்டும் பயறும் வெண்டையும் என்று முடிவானது.

தென்னையின் அடியைச் சுற்றி ஆறு அடிக்குள் பாத்தி வேண்டாம். தென்னையின் உறிஞ்சு வேர் பெரும்பாலும் அந்த வட்டத்துக்குள்தான் இருக்கிறது. கொத்தினால் தென்னைக்கும் நட்டம், போடும் உரம் காய்கறிக்கும் கிடைக்காது. இவற்றையெல்லாம் கழித்தால் நாலு சென்ட்டில் உண்மையான காய்கறி நிலம் இரண்டு சென்ட்தான் தேறியது. வருத்தப்பட ஒன்றுமில்லை. ஒரு வீட்டு அவியலுக்கு அது தாராளம்.

மண்ணைத் திருத்திய வரிசை

ஐந்தாறு இடங்களில் ஆங்கில ‘வி’ வடிவில் 15 செ.மீ. ஆழம் வெட்டி, ஓரத்து மண்ணை மேலிருந்து கீழாகச் சீவி எடுத்து, கலந்து, நிழலில் உலர்த்தி, அரைக் கிலோ சோதனைக்குக் கொடுத்ததில் கார அமில நிலை 4.8 என்று வந்தது. காய்கறிக்கு 6-லிருந்து 7 வரை வேண்டும். பெருமழை சுண்ணாம்புச் சத்தைக் கரைத்துக்கொண்டு போய்விடுவதால் இந்தச் சரளை மண் புளித்தே கிடக்கும். இந்தப் புளிப்பும் வெப்பமும் ஈரமும் சேர்ந்தால் வாடலுக்கு வேறு அழைப்பு வேண்டியதில்லை.

வேலையின் வரிசைதான் முக்கியம்.

மாசிக் கடைசியில் மண்ணைக் கொத்திக் கட்டி உடைத்து, நன்றாக நனைத்து, கண்ணாடிபோல் தெளிந்த மெல்லிய பாலித்தீன் தாளை மண்ணோடு ஒட்டி விரித்து, ஓரங்களை மண்ணிட்டு மூடி 40 நாள் விட்டார்கள். கறுப்புத் தாள் இதற்கு ஆகாது. தாள் சூடாகும், மண் அவ்வளவு சூடாகாது. ஈரமில்லாத மண்ணிலும் பலன் குறைவு. தாளுக்கும் மண்ணுக்கும் இடையே காற்று நின்றால் அங்கே மட்டும் களை முளைப்பதைப் பார்க்கலாம்.

சித்திரையில் தாளை எடுத்துவிட்டு, சென்ட்டுக்கு இரண்டரைக் கிலோ வீதம் நீர்த்த சுண்ணாம்புத் தூளைத் தூவிக் கொத்திக் கலந்து நனைத்தார்கள். தண்ணீர் பட்டால் கொதிக்கும் சுட்ட சுண்ணாம்பை அப்படியே போடக்கூடாது. அதன்பின் இரண்டு வாரம் எதுவும் இல்லை. சுண்ணாம்போடு சாணியையோ யூரியாவையோ கலந்தால் தழைச்சத்து அம்மோனியாவாகப் பறந்துவிடும். மூக்கில் ஏறும் அந்த நெடிதான் நீங்கள் காசு கொடுத்து வாங்கிய உரம். அடுப்புச் சாம்பலும் காரம்தான், அதற்கும் இதே விதி.

அந்த இரண்டு வாரத்தில் எருவைத் தயார் செய்யலாம். மக்கிய சாணி 45 கிலோ, வேப்பம்பிண்ணாக்கு 5 கிலோ, நோய்ப் பூஞ்சையை அடக்கும் நல்ல பூஞ்சையான டிரைக்கோடெர்மா அரைக் கிலோ. நிழலில் ஒரு அடி உயரமாகக் குவித்து, பிடித்தால் உருண்டையாக நிற்கிற, ஆனால் விரலிடுக்கில் தண்ணீர் கசியாத ஈரத்தில், நனைந்த சாக்கால் மூடவேண்டும். ஒரு வாரத்தில் மேலே பச்சைப் பூசணம் படரும். கிளறி மறுபடி நனைத்து இன்னொரு வாரம். பச்சை படராவிட்டால் பொட்டலம் பழையது, அல்லது குவியல் வெயிலில் கிடந்திருக்கிறது. இதையும் சேர்த்து, சென்ட்டுக்கு மொத்தம் 100 கிலோ மக்கிய எரு.

பாத்தி மூன்று அடி அகலம், ஒரு அடி உயரம், இடையில் ஒன்றரை அடிச் சால். ஓரம் சரியாமலிருக்கத் தென்னந்தடித் துண்டு. கதம்பையை (தேங்காய் உரித்த மட்டையை) அடியில் போடும் பழக்கம் கோடைக்கு நல்லது. குழிந்த பக்கம் மேலே பார்க்க வைத்தால் ஈரம் பிடித்து வைக்கும். ஆனால் மழைக்காலப் பாத்தியில், அதுவும் தக்காளிக்கு, போடக்கூடாது. வேரடி சேறாகிவிடும்.

இரண்டாம் முறைத் தக்காளி

புதுப் பாத்தி, புது இடம், புது மாதம். ஐப்பசியில் மழை படாத திண்ணையோரம் குழித்தட்டில் விதைத்து, கார்த்திகை நடுவில் மழை தளரும்போது நட்டார்கள். காய்ப்பு தையிலும் மாசியிலும். அந்த மாதங்களில் மண் சற்றுக் குளிர்ந்திருப்பதே வாடலுக்கு ஒரு தடை.

ரகம் மாற்றியதுதான் பெரிய வித்தியாசம். கேரள வேளாண் பல்கலைக்கழகத்தின் சக்தி, முக்தி, அனகா ஆகிய தக்காளி ரகங்கள் இந்த வாடலைத் தாங்கவே உருவாக்கப்பட்டவை. கத்தரியில் சூர்யா, ஸ்வேதா, ஹரிதா. மிளகாயில் உஜ்வலா, அனுக்ரஹா. எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மண் ஒன்றுதானே, ரகமும் பொருந்துகிறது. பெங்களூரு தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தின் அர்கா ரக்ஷக் வீரிய ஒட்டு. வாடலோடு இலைச்சுருட்டு நோயையும் தாங்கும், ஆனால் அதன் காயிலிருந்து விதை எடுத்து வைப்பதில் பயனில்லை. பேச்சிப்பாறை தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையத்திலும் திருப்பதிசாரம் வேளாண் அறிவியல் நிலையத்திலும் எந்த ரகம் கைவசம் இருக்கிறது என்று விதைப்பு மாதத்துக்கு முன்பே கேட்டு வைப்பது நல்லது.

வழுதலங்காய் (கத்தரி) வேண்டுமென்றால் சுண்டைக்காய் வேர்மேல் ஒட்டிய செடி இன்னும் உறுதி. அதில் செய்யும் தவறு ஒன்றுதான்: ஒட்டிய இடத்தை மண்ணுக்குள் புதைப்பது. மேல்செடி தன் சொந்த வேரை விட்டுவிட்டால் ஒட்டுக்குக் கொடுத்த காசு வீண். ஒட்டு தரைக்கு மேல் நாலு விரல் நிற்கவேண்டும். அதற்குக் கீழே துளிர்க்கும் முள்ளுக் கிளையைக் கண்டவுடன் கிள்ளவேண்டும்.

நடுமுன் நாற்று வேரை, லிட்டருக்கு 20 கிராம் சூடோமோனாஸ் (நோயை அடக்கும் நல்ல பாக்டீரியாத் தூள்) கரைத்த தண்ணீரில் அரை மணி நேரம் வைத்து, மாலையில் இரண்டடி இடைவெளியில் 12 செடி நட்டார்கள். தரையைத் தொடும் இலைகளைக் கிள்ளிவிட்டு, கம்பு ஊன்றி, மூட்டில் மட்டும் தண்ணீர். களையைக் கொத்தாமல் கையால் பிடுங்கினார்கள். கொத்தினால் வேர் அறும், அறுந்த வேர்தான் நோய்க்கு வாசல்.

பன்னிரண்டில் இரண்டு வாடின. தம்ளரில் மறுபடி நூல் இறங்கியது. தாங்கும் ரகம் என்றால் நோயே வராது என்று பொருளல்ல. மற்றப் பத்தும் காய்த்தன. தையில் சில காய்களின் அடி கறுத்துக் குழிந்தது, அது நோயல்ல. மழை நின்றபின் ஒருநாள் விட்டு ஒருநாள் தண்ணீர் ஊற்றியதில் காய்க்குச் சுண்ணாம்புச் சத்து ஒரே சீராகப் போய்ச் சேரவில்லை. ரப்பர் இலை உதிரும் காலம் என்பதால் அந்தச் சருகையே மூடாக்காகப் போட்டு, தினமும் அளவாகத் தண்ணீர் விட்டதும் புதுக் காயில் அது நின்றது. அதே மூடாக்கை ஆனி, ஆடியில் செடி மூட்டிலிருந்து விலக்கி வைக்கவேண்டும், நத்தை குடியேறிவிடும். நத்தைக்கு நனைந்த சாக்கின்மேல் பப்பாளி இலையைப் பரப்பி வைத்து, இரவில் டார்ச் அடித்துப் பொறுக்கி உப்புத் தண்ணீரில் போடுவதுதான் வழி. கையுறை இல்லாமல் தொடவேண்டாம். பாத்தியில் உப்பைத் தூவினால் நத்தையோடு செடியும் போகும்.

பாகல் பந்தலில் தவறான பொறி

பாகல் நன்றாகவே படர்ந்தது. பெருவிரல் அளவுப் பிஞ்சு ஒரு பக்கம் வளைந்து, மஞ்சளாகி விழுந்தது. பிளந்தால் துள்ளும் வெள்ளைப் புழு. பழ ஈ. இதற்கு உரக்கடையில் வாங்கிய பொறி ஒன்றைக் கட்டி, தினமும் ஈ விழுவதைப் பார்த்துத் திருப்திப்பட்டார்கள். பிஞ்சு விழுவது மட்டும் நிற்கவில்லை.

பொறிக்குள் இருந்தது மெத்தில் யூஜினால். அது மாம்பழ ஈயின் ஆணை இழுக்கும். பாகல், புடல், பீர்க்கைத் தாக்கும் ஈ வேறு இனம். அதை இழுக்க கியூலூர் வேண்டும். துளசியைக் கசக்கிச் சிரட்டையில் வைக்கும் முறையும் மாமரத்துக்குத்தான் சரி. வாங்கும்போது ‘காய்கறிக்கா, மாவுக்கா’ என்று கேட்டு, அட்டையில் பெயரைப் பார்த்து வாங்கவேண்டும்.

கியூலூர் பொறி வைத்தாலும் அதில் ஆண் ஈதான் விழும். முட்டையிடும் பெண் வெளியே இருக்கும். ஆகவே பூ வாடியதும் பிஞ்சுக்குக் காகித உறை. மழையில் காகிதம் நைந்துவிடும், அப்போது பழைய வேட்டித் துணி. விழுந்த பிஞ்சை எருக்குழியில் போடாமல் கறுப்புப் பையில் கட்டி ஒரு வாரம் வெயிலில் போடவேண்டும். புழு மண்ணுக்குள் போய்த்தான் கூடாகும் என்பதால் பந்தலடி மண்ணை வாரம் ஒருமுறை லேசாகக் கிளறினால் கோழி மீதியைப் பார்த்துக்கொள்ளும்.

பாகல் விதை தோல் கெட்டி. நகவெட்டியால் நுனியைச் சிறிது கிள்ளி, இரவு முழுக்க ஊறவைத்து, ஈரத்துணியில் முடிந்து முளை கண்டபின் ஊன்றலாம். இரண்டடி அகலம், ஒன்றரை அடி ஆழக் குழியில் 10 கிலோ எரு; ஐந்து விதை போட்டு மூன்றை நிறுத்தவேண்டும். மழைக்காலத்தில் குழிக்குப் பதில் மேடு. முதலில் வருவதெல்லாம் ஆண் பூதான், பதற வேண்டாம். பல வாரம் கழிந்தும் கொடி மட்டும் கரும்பச்சையாக ஓடினால் தழைச்சத்து கூடிவிட்டது.

அசுவினிக்கும் வெள்ளை ஈக்கும் வேப்பெண்ணெய்-பூண்டுக் கரைசல்: 50 கிராம் பார் சோப்பை அரை லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரில் கரைத்து, 200 மி.லி. வேப்பெண்ணெய் ஊற்றி வெள்ளையாகும்வரை அடித்து, 200 கிராம் பூண்டு அரைத்த சாற்றை வடிகட்டிச் சேர்த்து, மொத்தம் 10 லிட்டராக்கவேண்டும். எண்ணெய் மேலே மிதந்தால் சோப்பு போதவில்லை. அப்படியே அடித்தால் இலை கருகும். தெளிக்கும் நேரத்தைப் பூ தீர்மானிக்கும். பாகல் பூ காலையில் விரியும், தேனீ வரும், எனவே மாலையில் தெளிக்கலாம். பீர்க்கும் புடலும் சாயங்காலம் பூப்பவை, அவற்றுக்கு அதிகாலை. பயறுக் கொழுந்தில் கறுப்பு அசுவினி கொஞ்சமாக இருக்கும்போதே கஞ்சித்தண்ணீர் தெளித்தால் காய்ந்து ஒட்டிக்கொள்ளும். அதற்கு எண்ணெய் தேவையில்லை.

மற்றவை

வெண்டையை வைகாசியில் போட்டால் மழை வெள்ளை ஈயை அடக்கி வைக்கும். மாசியில் போட்டதில் நரம்பு மஞ்சளாகும் நோய் சீக்கிரம் வந்தது. முதல் செடியிலேயே பிடுங்காவிட்டால் வரிசை முழுவதும் போகும். சிவப்புக் கீரைக்கு மழையில் இலைப்புள்ளி வரும். கோ 1 பச்சைக்கீரை அதைத் தாங்குவதால் இரண்டையும் கலந்து விதைத்து, தண்ணீரை இலைமேல் வாரி அடிக்காமல் அடியில் விட்டார்கள். ரப்பர் ஓரத்து மூலையில் இரண்டு முறை முயன்று எதுவும் வரவில்லை. இப்போது அங்கே சேம்பும் காந்தாரியும் நிற்கின்றன, கேட்பாரில்லாமலே காய்க்கிறது காந்தாரி.

கிணற்றடிப் பாத்தியில் மூன்று ஆண்டுகளுக்குத் தக்காளி, கத்தரி, மிளகாய் கிடையாது. இஞ்சியும் கிடையாது; அதன் வாடலுக்கும் இதே இனப் பாக்டீரியாதான் காரணம். முதலில் வெண்டை, அடுத்து மக்காச்சோளம், இப்போது நீளப்பயறு. போன வாரம் பிடுங்கிய ஒரு பயறு மூட்டில் வேர் நிறைய முடிச்சு. விரலால் தேய்த்ததும் உதிர்ந்தது. நசுக்கினால் உள்ளே இளஞ்சிவப்பு.